ஒரு இலை தாண்டாது

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேணாம், ஒரு கால் ஆடும். ஊருக்கெல்லாம் இரும்பு ஒட்டிக் குடுக்கறவன் வீடு இது. வீட்டு நாற்காலிக்கு ஒரு வெல்டு வைக்க மட்டும் அவனுக்கு நேரம் இருக்காது. இந்த ஸ்டூல்ல உக்காருங்க, இது மரம்.

கம்பி விசயமாத்தானே வந்தீங்க? வாசல்ல நின்னு "கம்பி"ன்னு வாயைத் திறந்தீங்களே, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. பேரூராட்சியிலேருந்து வந்து பார்த்துட்டாங்க, மேலத்தெரு டேங்க் கட்டறவங்க வந்து பார்த்துட்டாங்க. இப்ப நீங்க. உங்க ஊரு வாய்க்காலுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுக்கணும்பீங்க. இருங்க, இருங்க. எதுவா இருந்தாலும் பொன்னரசுகிட்ட பேசிக்கங்க. என் மவன்தான் போட்டது, ஆனா எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவன் இரும்பு எடுக்கத் திருச்சிக்குப் போயிருக்கான். சாயங்காலம் வந்துருவான். அதுக்குள்ள டீ போடறேன், பால் இருக்கு.

உங்களை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு. இருக்கட்டும், எல்லா மூஞ்சியும் எங்கயாவது பார்த்த மூஞ்சிதான்.

கம்பியைப் பார்த்துட்டுத்தானே வந்தீங்க? பார்க்கலையா? அப்ப சொல்றேன் கேட்டுக்கங்க. எங்க ஊருக்கு ஆறுன்னு ஒண்ணு இருக்கு, பேருக்கு. மணலை அள்ளி அள்ளி அது படித்துறையை விட்டு எங்கயோ தள்ளிப் போயிருச்சு. இப்ப எங்களுக்குக் காவேரின்னா இந்த வாய்க்காதான். குளிக்கறது, துவைக்கறது, சாமி கும்பிடறது எல்லாம் இங்கதான். அந்த வாய்க்கா கடைத்தெரு வந்ததும் மண்ணுக்கு அடியில போயிரும். மேல கடை, கீழ தண்ணி. அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி போய் மறுபடியும் வெளிய வரும். நடுவுல என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது. வாழைமட்டை, பாலித்தீன் பை, பழைய பாய், கிழிஞ்ச தலகாணி எல்லாத்தையும் நம்ம சனங்க அதுல போட்டுருவாங்க. அது உள்ள போய் அடைச்சுக்கும். முன்னாடி போக வழியில்லாத தண்ணி எங்க போகும்? எங்க தெருவுக்கு வரும். எங்க தெருவுலயும் பள்ளமான வீடு எதுன்னு பார்த்து வரும். அது இந்த வீடு.

வருசா வருசம் ஆடி மாசம் என் அடுப்படியில முழங்கால் தண்ணி தம்பி. அடுப்பைத் தூக்கிக் கட்டில் மேல வச்சுச் சமைப்பேன். கொல்லைக் கதவு வழியா என்னென்னமோ மிதந்து வரும். ஒரு தடவை முழுத் தேங்கா வந்துச்சு, சட்னி அரைச்சேன். ஒரு தடவை ஒத்தைச் செருப்பு. நீங்க கையில வச்சிருக்கீங்களே டம்ளர், அதுகூட அப்படி வந்ததுதான். பேரு வெட்டியிருக்கும் பாருங்க, "கோ.ரா." யாருன்னு தெரியாது. யாராவது வந்து கேட்டாக் குடுத்துரலாம்னுதான் வச்சிருக்கேன். குடிங்க, நல்லாத் தேச்சுக் கழுவினதுதான்.

டீ எப்படி? ரெண்டு தடவை வடிகட்டிட்டேன். இப்பல்லாம் அப்படித்தான் வடிகட்டறது.

என்ன, ஏதோ சொல்ல வந்தீங்க. இருங்க, சொல்லி முடிச்சுடறேன், இல்லேன்னா எனக்குக் கோர்வை விட்டுப் போயிரும்.

போன பங்குனியில வாய்க்கா காஞ்சு கெடந்தப்ப, கடைத்தெருவுக்குள்ள தண்ணி நுழையற வாய்க்கு முன்னாடி கம்பித் தடுப்பு போடணும்னு பேரூராட்சியில முடிவு பண்ணாங்க. பொன்னரசைக் கூப்பிட்டாங்க. அவன் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம அதே நினைப்பா இருந்தான். கம்பியை நேரா நிறுத்தாம சாய்ச்சு வச்சான். ஏண்டான்னு கேட்டேன். குப்பை வந்து முட்டினா அப்படியே மேல ஏறி நிக்கும், வாரி எடுக்க லேசா இருக்கும்னான். மேல நிக்கறதுக்கு ஒரு மேடை. குப்பை இழுக்க நீளமா ஒரு வாரி, கழி முழுக்க இரும்புக் குழாய், நுனியில பல்லு. அதோ கூரையில சொருகியிருக்கு பாருங்க, அதான். அதுக்கும் முன்னாடி வாய்க்காலையே கொஞ்சம் அகலமாக்கி, ஆழமா ஒரு தொட்டி வெட்டினாங்க. தண்ணி அங்க வந்ததும் வேகம் குறைஞ்சிரும், மணலெல்லாம் கீழ படிஞ்சிரும். அந்த மணல் நல்ல மணல் தம்பி. நான் ரெண்டு கூடை அள்ளிட்டு வந்து கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டேன்.

அவன் வேலையை நான் குறை சொல்ல மாட்டேன். அவங்கப்பா போனப்புறம் தானே கத்துக்கிட்டுத் தானே நிமிந்தவன். ஊர்ல நான் போற இடமெல்லாம் சொன்னேன், "என் மவன் போட்ட கம்பியில தண்ணி மட்டும்தான் தாண்டும், ஒரு இலை தாண்டாது." ரேசன் கடையில சொன்னேன், கோயில்ல சொன்னேன், கல்யாணத்துல தாம்பூலம் குடுக்கறப்பகூடச் சொன்னேன்.

கல்யாணம்னா அவனுக்குத்தான், வைகாசியில. பொண்ணு பேரு சாருமதி. நல்லியம்பட்டி. நல்ல குடும்பம்தான், குறை சொல்லக் கூடாது. பந்தியில ஒரு பய சாம்பார் வாளியோட ஓடி வந்து என் பட்டுப்புடவை மேல ஊத்திட்டான். அரக்குல மாம்பழக் கரை போட்ட புடவை. அந்தக் கறை இன்னும் போகல. நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா? சபையில சொல்லல. அப்புறம் எப்பவாவது சொல்லியிருப்பேன், அது மனுச சுபாவம்.

ஏன் தம்பி இருமறீங்க? மெதுவாக் குடிங்க.

சாருமதி அதிகம் பேச மாட்டா. நான் பேசறதை எல்லாம் கேட்டுக்குவா. கேட்டுக்குவாளே ஒழிய, டீயை ரெண்டு தடவை வடிகட்டுற மாதிரி என் பேச்சையும் வடிகட்டித்தான் எடுத்துக்குவா. எதை எடுத்துக்கிட்டா, எதைக் கொட்டினான்னு முகத்துல தெரியாது. அதான் எனக்கு எரிச்சல். வந்த மறுநாளே நான் போட்ட டீயைப் பார்த்துட்டு, அத்தை, தூள் நிக்குதேன்னா. நான் முப்பது வருசமா தூளோட குடிக்கறேன், எனக்கு என்ன ஆச்சு? டீன்னா அடியில கொஞ்சம் தூள் நிக்கணும்னேன். சிரிச்சுக்கிட்டே போய் ஒரு வடிகட்டி வாங்கிட்டு வந்துட்டா. அதுதான் அங்க ஆணியில தொங்குது.

ஆனியில வாய்க்கால்ல தண்ணி விட்டாங்க. முத நாளே ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கப் போச்சு. குப்பையெல்லாம் வந்து கம்பியில நின்னுச்சு, நான் எல்லார் முகத்தையும் பார்த்துக்கிட்டே நிக்கறேன். அந்த நேரம் பார்த்து ஒரு ரப்பர் செருப்பு வந்துச்சு தம்பி. குறுக்கா வந்திருந்தா நின்னிருக்கும். அது ஒருக்களிச்சு, ரெண்டு கம்பிக்கு நடுவுல நுழைஞ்சு, சொகமா உள்ள போயிருச்சு. பக்கத்துல தையநாயகி நின்னா. அடுத்த வீட்டுக்காரி, கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு இருக்கறவ. "அமிர்தம், இலைதான் தாண்டாதுன்னே, செருப்பு தாண்டுமோ?"ன்னா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. என் மருமகளும் சிரிச்சா, நான் பார்த்தேன்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. விடிஞ்சதும் பொன்னரசைப் பிடிச்சுக்கிட்டேன். கம்பியை நெருக்கிப் போடுடா, என் மானம் போகுதுன்னேன். அவன் சொன்னான், ஒரு செருப்பு ரெண்டு செருப்பு போனா அடைக்காதும்மா, தேங்கா மட்டையும் பாயும் நின்னாப் போதும், அதுக்குத் தக்க இடைவெளிதான் விட்டிருக்கேன்னு. சாருமதி அடுப்படியிலேருந்து, ரொம்ப நெருக்கினா உதிர்ந்த பூகூட நின்னுரும் அத்தைன்னா. நிக்கட்டுமேன்னேன். நான் விடல. சோறு போடறப்ப சொன்னேன், தண்ணி குடுக்கறப்ப சொன்னேன். நடுவுல மத்த ஊரு வயலுக்குத் தண்ணி விட முறைவச்சு எங்க வாய்க்காலைக் கொஞ்ச நாள் அடைச்சாங்க, அந்த நேரத்துல அவனும் போய் ஒவ்வொரு சந்துக்கும் நடுவுல ஒரு கம்பி வச்சு ஒட்டிட்டு வந்தான். அப்புறம் உண்மையாவே ஒரு இலை தாண்டல. நானே போய்ப் புளிய இலை உருவிப் போட்டுப் பார்த்தேன். புளிய இலை மட்டும் தாண்டுச்சு. அதெல்லாம் ஒரு இலையா?

இருங்க, இருங்க, வந்துட்டேன் விசயத்துக்கு.

ஆடி பொறந்ததும் வழக்கப்படி புதுப்பொண்ணை அவங்க வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. பதினெட்டாம் பெருக்குக்கு எங்க வரணும்னு பேச்சு வந்துச்சு. மாப்பிள்ளையை அங்க அனுப்புங்க, எங்க ஊரு வாய்க்கால்லயே மாலையை விட்டுரலாம்னு சம்பந்தியம்மா வசந்தா சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. கல்யாண மாலையை எங்க ஊரு தண்ணியிலதான் விடணும், எங்க வழக்கம் அப்படின்னேன். அவங்களும் சரின்னு பொண்ணோட இங்கயே வந்தாங்க.

வைகாசியிலேருந்து ரெண்டு மாலையும் அதோ அந்தச் சுவத்து ஆணியிலதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. காஞ்சு சருகாப் போனாலும் எடுக்க மாட்டோம். பெருக்கு அன்னிக்குக் காப்பரிசி, மாவிளக்கு, காதோலை கருகமணி எல்லாம் வச்சுக் கும்பிட்டுட்டு, புதுசாக் கட்டினவங்க ரெண்டு பேரும் ஒண்ணாக் கைவச்சுத் தண்ணியில விடணும். அது தங்கு தடையில்லாமப் போனா வாழ்க்கையும் அப்படிப் போகும். கண்ணுக்கு மறையற வரைக்கும் பார்த்துக்கிட்டே நிக்கணும். எங்க மாலை போனப்ப எங்க மாமியார் படியிலயே நின்னு பார்த்தாங்க. வளைவு தாண்டினதும்தான் வீட்டுக்குத் திரும்பினாங்க.

அன்னிக்குன்னு பார்த்து எங்க ஊருல ஏகப்பட்ட புது ஜோடி. எல்லாரும் வரிசையா நின்னு மாலையை விட்டாங்க. எங்க வீட்டு மாலையும் போச்சு. போச்சுன்னா, நல்லா ஜோரா, ஒண்ணு பின்னாடி ஒண்ணு, தலையை ஆட்டிக்கிட்டுப் போச்சு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். போய், நேரா என் மவன் போட்ட கம்பியில நின்னுக்கிச்சு.

எல்லாம் நின்னுச்சு தம்பி. ஊருல உள்ள அத்தனை ஜோடி மாலையும். பெருக்குங்கறதால அவன் காலையிலேயே குப்பையெல்லாம் வாரிக் கம்பியைத் துடைச்ச மாதிரி வச்சிருந்தான். அதனால வேற ஒண்ணும் இல்ல, மாலை மட்டும். கண்காட்சியில வச்ச மாதிரி. ஒரு இலை தாண்டல.

தையநாயகிதான் முதல்ல வந்தா. அவ பொண்ணு மாலையும் அதுல இருக்கு. இந்தத் தடவை அவ சிரிக்கல. "உன் மவன் திறமையை ரேசன் கடை வரைக்கும் சொன்னியே, இப்ப என் பொண்ணுக்கு என்னடி பதில் சொல்ற?"ன்னா. பின்னாலேயே மத்தவங்களும் வந்தாங்க. ஒரு பொண்ணு அழ ஆரம்பிச்சிருச்சு. நான் பொன்னரசைப் பார்த்து, கம்பியைத் தூக்குடான்னேன். அது தூக்கற கம்பி இல்லம்மா, கான்கிரீட்டுல இறக்கினதுன்னான். அப்ப அறுத்துத் தள்ளுன்னேன். அறுத்தா இத்தனையும் உள்ள போய் அடைச்சுக்கும், நம்ம அடுப்படிக்குத்தான் தண்ணி வரும்னான். முங்கினா முங்கட்டும்னேன். சும்மா சொல்லல தம்பி, எனக்கு அந்த நேரம் அடுப்படியா பெருசு? என் புள்ள வாழ்க்கை பெருசு.

அடுப்படின்னதும் ஞாபகம் வருது. இந்த வருசம் ஒரு சொட்டுத் தண்ணி வீட்டுக்குள்ள வரல. ஆடி போய் ஆவணியே வந்தாச்சு, பாருங்க தரை எப்படிக் காஞ்சு கெடக்குன்னு. போன தைமாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறதா வேண்டிக்கிட்டேன். அவதான் காப்பாத்தினா. பொன்னரசு அது கம்பியாலன்னு சொல்றான். எல்லாத்துக்கும் அவனுக்கு அந்தக் கம்பிதான்.

சரி, எங்க விட்டேன்? மாலை நிக்குது, சனம் நிக்குது. அப்ப இந்தப் பொண்ணு என்ன பண்ணா தெரியுமா? பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு மேடை மேல ஏறிட்டா. புருசன் கையிலேருந்து வாரியை வாங்கினா. ஒவ்வொரு மாலையா, பூ உதிராம, குழந்தையைத் தொட்டில்லேருந்து எடுக்கற மாதிரி மேல எடுத்துப் போட்டா. நான் கத்தினேன். தண்ணிக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கறது உங்க ஊரு வழக்கமான்னு கேட்டேன். அவ நிமிந்து பார்த்தா. "திருப்பி எடுக்கலை அத்தை, வழியில நின்னு போச்சு. கொண்டுபோய்ச் சேர்த்துரலாம்"னா.

ஜோடிங்க எல்லாம் அவ பேச்சைக் கேட்டுக்கிச்சுங்க. அவங்கவங்க மாலையை எடுத்துக்கிட்டு, ஈரம் சொட்டச் சொட்டக் கடைத்தெரு வழியா ஊர்வலமாப் போச்சுங்க. கடைக்காரங்க எழுந்து நின்னாங்க. மிட்டாய்க் கடைக்காரர் ஆளுக்கு ஒரு லட்டு குடுத்தாராம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வாய்க்கா வெளிய வர்ற இடத்துல விட்டாங்க. எல்லாம் போச்சாம், கண்ணுக்கு மறையற வரைக்கும் போச்சாம். நான் போகல. தையநாயகி வந்து சொன்னா. அவகூட என் மருமகளைத் தங்கம்னு சொல்லிட்டுப் போறா.

எங்க வீட்டு மாலை மட்டும் போகல. நான்தான் விடல. எங்க வீட்டு மாலையை எவளும் வாரியால தொடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். அவ வாரியைப் பிடிச்சபடியே நிக்கறா. எல்லாரும் போயிட்டு வந்து மறுபடி கூடி நிக்கறாங்க. கம்பியில எங்களோட ரெண்டு மாலை மட்டும் முட்டிக்கிட்டு நிக்குது. பயம் தம்பி. ஒரே புள்ள. அந்தப் பயத்துல, பொதுவாத்தான் ஒரு வார்த்தை சொன்னேன். "வந்து மூணு மாசம் ஆகல, மாலையே நின்னு போச்சு. எந்தக் காலடி நேரமோ"ன்னேன். அவ்வளவுதான். பேரு சொல்லியா சொன்னேன்? பேரு சொல்லல.

பொன்னரசு என்னைப் பார்த்த பார்வையை இன்னிக்கும் மறக்க முடியல. சாருமதி வாரியைக் கீழ வச்சா. இறங்கி வந்து வாய்க்கால்ல கையைக் கழுவினா. என் பக்கத்துல வந்து, மத்தவங்களுக்குக் கேக்காத மாதிரிதான் சொன்னா.

"அத்தை, என் காலடியை நான் எடுத்துக்கிட்டுப் போறேன். வேணும்னு தோணினா சொல்லி அனுப்புங்க."

போயிட்டா. அவங்கம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு, பஸ்ஸு ஏறிப் போயிட்டா.

நெருக்கிப் போடச் சொன்னது நீங்கதானேன்னு கேக்கறீங்களா? நான்தான். அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்? நான் குப்பைக்குத்தானே சொன்னேன், மாலைக்கா சொன்னேன்? நீங்களும் பொன்னரசு மாதிரியே பேசறீங்க. அவனும் அன்னிக்கு அப்படித்தான் ஆரம்பிச்சான். அவதான் கண்ணைக் காட்டி நிறுத்திட்டா. ஊருக்கு முன்னாடி என் பேரைச் சொல்லிருவானோன்னு அவளுக்கு என்ன பயமோ.

ம். கண்ணைக் காட்டினா. நான் பார்த்தேன்.

ஆடி முடிஞ்சா அவளே வந்துருவான்னு நினைச்சேன். ஆவணி பொறந்தாச்சு, வரலை. தானா வர வேண்டியதுதானே? சொல்லி அனுப்பணுமாம். நான் யார்கிட்ட சொல்லி அனுப்ப? இவன் வாயையே திறக்கறதில்ல. வர்றான், சாப்பிடறான், பட்டறையில போய்ப் படுத்துக்கறான். ஞாயித்துக்கிழமை ஆனா இரும்பு எடுக்கத் திருச்சிக்குப் போறேங்கறான். ஞாயித்துக்கிழமை எந்த இரும்புக் கடை தம்பி திறந்திருக்கும்?

அந்த மாலை என்ன ஆச்சுன்னு கேக்கலையே நீங்க. சனமெல்லாம் கலைஞ்சப்புறம் நானே மேடை மேல ஏறி அந்த வாரியால எடுத்தேன். அவ எடுத்த மாதிரி எனக்கு வரல, பாதிப் பூ உதிர்ந்து போச்சு. காய வச்சு, மறுபடி அதே ஆணியில மாட்டியிருக்கேன். பாருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கைவச்சாத்தானே விட முடியும். ராத்திரி விளக்கை அணைக்கறப்ப அதைப் பார்ப்பேன். எனக்கு அவளைத் தேடுது தம்பி. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், தேடுது. நாள் முழுக்கப் பேசறேன், கேக்கறதுக்கு ஆள் இல்ல. வடிகட்டியாவது கேட்டுக்க ஒருத்தி இருந்தா.

சரி, என் கதை இருக்கட்டும். நீங்க சொல்லுங்க. உங்க ஊரு எது? கேக்கவே இல்ல பாருங்க.

நல்லியம்பட்டியா?

எந்த நல்லியம்பட்டி? நம்ம சாருமதி ஊரா? அவளுக்கு நீங்க என்ன வேணும்? சித்தப்பா மகனா? அடக் கடவுளே. வந்த உடனே சொல்லக் கூடாதா? சொல்ல வந்தீங்களா? நான்தான் விடலையா? இருங்க. நல்லா வெளிச்சத்துல திரும்புங்க. எங்கயோ பார்த்த மூஞ்சின்னேன் இல்ல. என் புடவையில சாம்பார் ஊத்தினது நீங்கதானே?

பரவால்ல, பரவால்ல. உக்காருங்க. கறை பெருசா ஒண்ணும் தெரியாது. மடிச்சுக் கட்டினா உள்ள போயிரும்.

அப்ப நீங்க கம்பி போடச் சொல்ல வரலையா? கம்பியில குப்பை வாரற வாரியை வாங்கிட்டுப் போகத்தான் வாசல்ல கம்பின்னு ஆரம்பிச்சீங்களா? எதுக்கு?

பொன்னரசு அங்கயா இருக்கான்? திருச்சின்னு சொல்லிட்டுப் போனானே. உங்க ஊரு வாய்க்கால்ல கம்பி போட அளவெடுக்கறானா? வாரியும் இதைப் பார்த்து ஒண்ணு செய்யணுமா? யாரு, ரெண்டு பேருமா? அவ இந்தப் பக்கம் டேப்பைப் பிடிச்சுக்கறாளா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையுமா?

கொஞ்சம் இருங்க தம்பி. ஒண்ணும் இல்ல, கண்ணுல ஏதோ விழுந்துருச்சு. அந்த டம்ளரை இப்படிக் குடுங்க.

நான் இங்க ராத்திரியெல்லாம் மாலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுங்க ரெண்டும் அங்க வாய்க்கா அளக்குதுங்க. எனக்குக் கோவம் வரணும், வர மாட்டேங்குது பாருங்க. வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கு.

மருமக வேற ஏதாவது சொல்லி அனுப்பினாளா? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். என்ன? "அத்தை டீ குடுப்பாங்க, குடிக்காம வந்துராதீங்க, கடைசி வாயை மட்டும் விட்டுருங்க, தூள் நிக்கும்"னா? அப்படியா சொன்னா? நீங்க டம்ளரை ஆட்டி ஆட்டிப் பார்த்தது அதுக்குத்தானா? நான் சீனி கரையலையோன்னு நினைச்சேன். தூள் இருந்துச்சா? இல்லதானே? போய்ச் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். இவ்வளவு நேரம் நான் பேசினதெல்லாம் இங்கயே நிக்கட்டும். தூள் இல்லைங்கறது மட்டும் அவ காதுக்குப் போகட்டும்.

இந்தாங்க, வாரியைப் பிடிங்க. மெதுவா, ஓட்டுல இடிக்கும். மாலையையும் குடுத்து விடறேன். உங்க ஊரு வாய்க்கால்ல இன்னும் கம்பி போடலையே? நல்லது. போடறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கைவச்சு இதை விட்டுரச் சொல்லுங்க. அங்கயே விடட்டும். எங்க ஊரு தண்ணிதான் வேணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல. எல்லாத் தண்ணியும் ஒரு இடத்துக்குத்தானே போகுது. சந்தும் நல்லா அகலமா விடச் சொல்லுங்க, செருப்பு போனாப் போகுது.

எதுல வந்திருக்கீங்க? மோட்டார் சைக்கிள்லயா? ஒத்தை ஆளாவா? இவ்வளவு நீளக் கழியை எப்படிக் கொண்டு போவீங்க? முன்னாடி போறவன் முதுகுல குத்துவீங்க. பின்னாடி ஒருத்தர் உக்காந்து பிடிச்சுக்கிட்டாத்தான் ஆச்சு. இந்தத் தெருவுல இப்ப யாரு இருக்கா? தையநாயகி வர மாட்டா, அவளுக்கு வண்டின்னா மயக்கம். அப்புறம் வேற வழி? நான்தான் வரணும். வாரிக்காகத்தான். அங்க வந்து இறக்கி விட்டுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன்.

ஏன் தம்பி சிரிக்கறீங்க? சொல்லுங்க. ஒத்தையா எப்படிக் கொண்டு வர்றதுன்னு நீங்க கேட்டதுக்கு அவ என்ன சொன்னா?

"அத்தை பின்னாடி உக்காந்து பிடிச்சுக்குவாங்க"ன்னா?

ம்.

இருங்க, புடவை மாத்திட்டு வந்துடறேன். அந்த மாம்பழக் கரையையே கட்டிக்கறேன். கறையை உள்ள விட்டு மடிச்சா யாருக்கும் தெரியாது. வீட்டைப் பூட்டிச் சாவியைத் தையநாயகிகிட்ட குடுத்துட்டு, நல்லியம்பட்டிக்குப் போறேன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஒரு வார்த்தைதான், நேரமாகாது. வண்டியை எடுத்துத் திருப்பி வைங்க. மெதுவாத்தான் ஓட்டணும். நான் வழி முழுக்கப் பேசிக்கிட்டே வருவேன், நீங்க ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க.